மூன்று விரல் மருதாணி

பங்குனி பிறந்தால் என் கணவரின் வலது கையில் மூன்று விரல்கள் சிவந்துவிடும். ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல். மற்ற இரண்டும் பிறந்த நிறத்திலேயே இருக்கும். தக்கலையில் ஒரு வக்கீல் ஆபீசில் குமாஸ்தாவாக இருந்தார். முதல் வருடம் அங்கே கேட்டவர்களிடம் சிவப்பு மை கொட்டிவிட்டது என்று சொல்லிச் சமாளித்தாராம். மை கொட்டினால் மூன்று விரலில் ஒரே அளவாகவா கொட்டும் என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. வக்கீல் ஆபீசில் உட்கார்ந்துகொண்டு குறுக்குக் கேள்வி கேட்கத் தெரியாதவர்கள்.

அந்தச் சிவப்பை அவர் விரலில் ஏற்றியவள் நான். வில்லின் நாண் விரலை அறுக்காமல் இருக்க நான் செய்த கைவைத்தியம் அது. இன்று எங்கள் ஊரில் அதைப் பழங்காலத்து ஆசாரம் என்கிறார்கள். ஊருக்குப் புதிதாக வந்தவர்கள் என்னிடமே வந்து விளக்குகிறார்கள். நானும் தலையாட்டிக் கேட்டுக்கொள்கிறேன், வேறென்ன செய்ய.

எங்கள் ஊர் தக்கலைக்குக் கிழக்கே வயல்களுக்கு நடுவில் இருக்கிறது. ஊருக்கு ஒரு சாஸ்தா கோயில். பங்குனி உத்திரத்துக்கு முந்தின நாள் சாஸ்தா வேட்டைக்குப் போவார். சாமி தானே வில்லெடுக்க முடியாதே, அதனால் அவருக்காக ஒரு மனிதன் எய்ய வேண்டும். அறுவடை முடிந்த கோயில் வயலில் வாழைத்தண்டை நட்டு அதன் தலையில் ஓர் இளநீரை வைப்பார்கள். அதுதான் அன்றைய மிருகம். மூன்று அம்புக்குள் அதில் அம்பு பாய வேண்டும். பாய்ந்தால் பெண்களின் குரவையும் வெடியும் செண்டை மேளமுமாக சாமி கோயிலுக்குத் திரும்புவார். பாயாவிட்டால் அந்த வயலிலேயே வில் கை மாறும். அடுத்த பங்காளி வாங்கி எய்வார். அன்று முதல் வில் அவர் வீட்டுச் சுவரில்தான் தொங்கும்.

அப்போது அது தொங்கியது எங்கள் வீட்டுச் சுவரில். அதனால் எங்கள் வீட்டுக்கு வில்லுவீடு என்று பெயர். வில்லு என்றதும் வெளியூர்க்காரர்கள் பாட்டுப் பாடுவீர்களா என்று கேட்பார்கள். இது கோலால் அடிக்கிற வில் இல்லை, அம்பு எய்கிற வில் என்று சொல்லிச் சொல்லியே எனக்கு வாய் வலித்திருக்கிறது. அம்பு பாய்ந்த இளநீர் வேட்டை முடிந்ததும் வில்லுவீட்டுக்கு வரும். ஒழுகியது போக மிஞ்சியிருக்கும் தண்ணீரை வீட்டில் எல்லோரும் ஆளுக்கு ஒரு வாய் குடிப்போம்.

பல வருடம் எய்தவர் என் மாமனார். அவர் காலமான வருடம் வீட்டில் துக்கம் என்பதால் பங்காளி வீட்டு மூத்தவர் ஒருவர், எனக்கு அத்தான் முறை, அந்த ஒரு தடவை மட்டும் எய்தார். முதல் அம்பிலேயே இளநீர் உருண்டதாம். வில்லைத் திருப்பிக் கொடுக்க வந்தபோது அதை நன்றாகத் துடைத்துப் பளபளப்பாக்கிக் கொண்டுவந்து, "தம்பிக்கு முடியல்லன்னா நான் இருக்கேன்லா" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தப் பேச்சு என் மாமியார் மனதில் முள்ளாகத் தைத்துவிட்டது. மாமியாரை நான் அத்தை என்று கூப்பிடுவேன். அத்தை தினமும் காலையில் எழுந்ததும் சாமி படத்தைப் பார்க்கிறாரோ இல்லையோ, அந்தச் சுவரைப் பார்ப்பார். வில் அங்கே இருந்தால் மாமனாரும் வீட்டில் எங்கோதான் இருக்கிறார் என்பது போல இருந்தது அவருக்கு. சுவர் வெறுமையாகிவிட்டால் அத்தை என்ன ஆவார் என்று நினைக்கவே எனக்குப் பயமாக இருந்தது.

துக்கம் கழிந்து ஆவணியில் எங்களுக்குக் கல்யாணம். வருகிற பங்குனியில் என் கணவர் முதன்முதலாக எய்ய வேண்டும். அப்போது அவருக்கு முப்பது வயது தாண்டியிருந்தது. அவர் அதுவரை கையில் பிடித்ததில் மிகக் கடினமான ஆயுதம் பேனா.

தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வில்லைச் சுவரிலிருந்து இறக்கினார். பேச்சிப்பாறை மலையில் வெட்டிய முற்றிய மூங்கில். நார் முறுக்கிய நாண் கம்பி போல இருக்கும். கொல்லையில் வைக்கோல் போருக்கு முன்னால் நின்றுகொண்டு காலையில் ஆரம்பித்தவர் மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டும் வரவில்லை. அம்பு வைக்கோலில் தைத்தால் ஒரு துள்ளல், தைக்காவிட்டால் இன்னொரு அம்பு. நான் அடுக்களை வாசலில் நின்று ரசித்துக்கொண்டிருந்தேன். புருஷன் வில்லெடுத்து நிற்பதைப் பார்க்கிற கொடுப்பினை எத்தனை பேருக்குக் கிடைக்கும் என்று ஒரு கர்வம்கூட.

சாயங்காலம் சாப்பிட உட்கார்ந்தவரால் சோற்றைப் பிசைய முடியவில்லை. மூன்று விரல் நுனியும் வீங்கிக் கன்றியிருந்தன. மறுநாள் ஆபீசில் ஒரு மனு எழுதுவதற்குள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டதாம். வக்கீல் அதைப் பார்த்து, கட்சிக்காரன் கதையில் மனம் இளகிவிட்டான் என்று நினைத்துக்கொண்டார்.

"எண்ணெ போடு, எல்லாம் சரியாவும்" என்றார் அத்தை.

எங்கள் பக்கத்தில் தேங்காயெண்ணெய்க்கு ஆகாத காரியம் கிடையாது. தலைக்கு அதுதான், கறிக்கு அதுதான், விளக்குக்கும் அதுதான், கதவு கிறீச்சிட்டால் கதவுக்கும் அதுதான். நானும் தினமும் சாயங்காலம் எண்ணெயைச் சுடவைத்து அவர் விரல்களில் தேய்த்து ஊறவிட்டேன். புதுப்பெண் மாமியார் முன்னிலையிலேயே புருஷன் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம் என்றால் யார் வேண்டாம் என்பார்கள். வைத்தியம் நீண்டுகொண்டே போனது. விரல்கள் ஊறிய அப்பளம் மாதிரி மிருதுவாயின. வலியும் குறைந்தது. மறுபடி வில்லெடுத்தார். நாண் இரண்டாவது இழுப்பிலேயே தோலை உரித்துக்கொண்டு போய்விட்டது.

அவர் உதறிய உதறலில் வில் ஒரு பக்கம் போய் விழுந்தது. அத்தை ஓடிவந்து முதலில் வில்லைத்தான் எடுத்தார். எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது.

அதற்குப் பிறகு ஊரில் வழியோடு போனவர்களெல்லாம் வைத்தியர் ஆனார்கள். ஒருவர் குளச்சலுக்குப் போய்க் கடல் தண்ணீரில் விரலை முக்கச் சொன்னார். இன்னொருவர் சுண்ணாம்பு என்றார். பங்காளி வீட்டு அத்தான் வந்து பார்த்துவிட்டு, "பாவம், எழுதுத விரலுலா" என்று வருத்தப்பட்டார். அவர் வருத்தத்தில் சந்தோஷம் கொஞ்சம் தூக்கலாக இருந்தது.

என் கணவரும் சும்மா இருக்கவில்லை. கோட்டாறில் ஜவுளிக்கடை வைத்திருந்த சாயபு ஒருவர் வழக்கு விஷயமாக ஆபீசுக்கு வந்து போய் அவருக்குச் சினேகம். அவரிடம் விரலைக் காட்டியதும் அவர் யாரையோ பிடித்து, பதப்படுத்திய ஆட்டுத்தோல் துண்டு ஒன்றை மூன்று விரலையும் மூடுகிற அளவுக்கு வெட்டி, மோதிரம் போல மாட்டிக்கொள்ள ஒரு வளையமும் தைத்துக் கொடுத்தார். அதை மாட்டிக்கொண்டு அன்று சாயங்காலம் முழுக்க எய்தார். ஒரு முனகல் இல்லை. நாண் தோலில் வழுக்கிக்கொண்டு ஓடியது. பிரச்சினை தீர்ந்தது என்று நான் அன்று பாயசம் வைத்தேன். அவசரப்பட்டுவிட்டேன்.

மறுநாள் அவர் அதைக் கோயில் போற்றியிடம் காட்டப் போனார். பூசை செய்கிறவரை எங்கள் பக்கத்தில் போற்றி என்போம். போனவர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்பி வந்தார். தோல் கூடாதாம். துணியும் கூடாது. மோதிரம்கூடக் கூடாது. வெறும் விரலால்தான் சாஸ்தாவின் அம்பைத் தொட வேண்டுமாம்.

"செண்டையில கட்டியிருக்கது பின்ன என்ன, வாழையிலையா?" என்றேன்.

"அதை நீயே போயி போற்றிகிட்ட கேளு" என்றார் சலிப்பாக.

கேட்காமல் விடுவேனா. அடுத்த நாள் காலையில் கோயிலுக்குப் போய், சந்தனம் வாங்குகிற சாக்கில் கேட்டுவிட்டேன். போற்றி என்னை ஏற இறங்கப் பார்த்தார். கோபப்படவில்லை.

"செண்டை சாமிக்க காதுக்கு. அம்பு சாமிக்க கைக்கு. காதுக்கு ஆகுதது கைக்குப் பாடில்ல" என்றார்.

சந்தனத்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அந்தக் கோபம் இன்றுவரை அப்படியே இருக்கிறது.

வந்த கோபத்தோடு கிணற்றடிக்குப் போய்த் தண்ணீர் இறைத்தேன். எங்கள் வீட்டுக் கிணறு ஆழமானது. தென்னங்கயிறு கட்டிய தோண்டியைக் கையால் இழுத்துத்தான் எடுக்க வேண்டும். கயிறு உள்ளங்கையில் சரசரவென்று ஓடியபோதுதான் ஒன்று ஞாபகம் வந்தது. நான் கல்யாணமாகி வந்த முதல் மாதம் இதே கயிறு என்னை ஒன்றும் செய்யவில்லை. பிறந்த வீட்டில் தெருக்குழாய்க்குப் பக்கத்தில் வளர்ந்தவள் நான், கயிறு பிடித்துப் பழக்கமே இல்லை. ஆனாலும் கை தாங்கியது. கொப்புளம் வந்ததெல்லாம் அடுத்த மாதம்தான். பழகப் பழக வலி குறைய வேண்டும், எனக்கு மட்டும் ஏன் தலைகீழாக நடந்தது என்று அப்போது யோசித்துவிட்டு விட்டுவிட்டேன். முதல் மாதம் என் கையில் கல்யாண மருதாணி இருந்தது. அது அழிந்த பிறகுதான் கொப்புளம் வந்தது.

அந்த மருதாணி கருஞ்சிவப்பாகப் பற்றியிருந்தது. வீட்டுக்கு வந்த அன்று அத்தை என் கையை விரித்துப் பார்த்து, "நல்லா செவந்திருக்கு. புருசனுக்குப் பிரியம் கூடுதலாக்கும்" என்று சொல்ல, சுற்றி நின்ற பெண்கள் சிரித்தார்கள். நான் வெட்கப்பட்டதில் கையின் மற்ற விசேஷங்களைக் கவனிக்கவில்லை. மருதாணி இட்ட தோல் உலர்ந்து, கொஞ்சம் தடித்து, பதப்படுத்திய தோல் மாதிரியே இருந்திருக்கிறது. எண்ணெய் விரலை இளக்கியது. இது இறுக்கும்.

தோண்டியைப் பாதிக் கிணற்றில் விட்டுவிட்டு வேலியோரம் போனேன். அங்கே ஒரு மருதாணிச் செடி புதராக வளர்ந்து நின்றது. அத்தை புதுப்பெண்ணாக வந்தபோது நட்டதாம். மாமனார் போன பிறகு அத்தை அந்தப் பக்கம் போவதையே விட்டிருந்தார்.

உடனே இட்டுவிடவில்லை. உரிந்த விரலில் மருதாணி பட்டால் எரியும் என்பது எனக்கே தெரியும். புண் ஆறி மேல்தோல் மூடும்வரை வில்லைத் தொடக்கூடாது, எண்ணெயையும் தொடக்கூடாது என்று சட்டம் போட்டேன். அந்த நாட்களில் வில்லில்லாமல் வெறும் கயிற்றைக் கட்டி இழுத்துக் காட்டச் சொன்னேன். அப்போதுதான் இன்னொன்று தெரிந்தது. மனிதர் நாணைப் பேனா பிடிக்கிற மாதிரி கட்டைவிரலும் சேர்த்து நுனியால் கிள்ளிப் பிடித்துக்கொண்டிருந்தார். வலிக்காமல் என்ன செய்யும்.

"இஞ்ச பாருங்கோ, மனு எழுதப் போகல்ல நீங்க. தோண்டிக் கயிறு இழுக்கதுபோல மூணு விரலையும் கொக்கியாட்டு மடக்கி, முதல் கணுவுல கயித்தைப் போடுங்கோ. கட்டைவிரலு சும்மா கெடக்கட்டும்" என்றேன்.

"தண்ணி கோருகதும் அம்பு எய்யுகதும் ஒண்ணாட்டி?"

"இழுக்கது எல்லாம் ஒண்ணுதான். இழுத்துப் பாருங்கோ."

இழுத்துப் பார்த்தார். இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தார். அவர் ஒப்புக்கொள்கிற விதம் அதுதான்.

புண் ஆறியதும் மருதாணியைக் கொட்டைப்பாக்கும் எலுமிச்சைச் சாறும் சேர்த்து அம்மியில் அரைத்து, மூன்று விரலிலும் முதல் கணு வரைக்கும் தொப்பி போல அப்பி வைத்தேன். சில நாள் இடைவெளி விட்டு மறுபடியும். அத்தை இதைப் பார்த்த அன்று வீடு இரண்டுபட்டது.

"ஆம்பிளைக்கு மருதாணியா? ஏட்டி, எனக்க மகனைக் கல்யாணப் பெண்ணாக்குகியா? ஊரு சிரிக்குமே" என்றவர் அதற்குப் பிறகு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. சாப்பாட்டுக்குக்கூடச் சுவரைப் பார்த்துத்தான் கூப்பிட்டார். ஊர் சிரிக்கத்தான் செய்தது. என் கணவர் பஸ்ஸில் ஏறினால் வலது கையை வேட்டி மடிப்புக்குள் வைத்துக்கொண்டு இடது கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு போனார்.

ஆனால் விரல் தாங்கியது. முதல் நாள் நாலைந்து அம்பு, பிறகு கொஞ்சம் கூடுதல் என்று நான்தான் அளந்து விட்டேன். ஆசை தீர எய்ய விடவில்லை. குளித்துவிட்டு ஈரக்கையோடு நாணைப் பிடித்தால் மட்டும் தோல் மறுபடி இளகியது. வேட்டையன்று குளத்தில் முங்கி ஈர வேட்டியோடு எய்ய வேண்டும் என்பது முறை. அதற்கும் வழி கண்டுபிடித்தேன். தோல் கூடாது, துணி கூடாது, சரி. திருநீறு கூடாது என்று எந்தப் போற்றி சொல்வார்? குளத்திலிருந்து ஏறியதும் நெற்றிக்கு இடுகிற சாக்கில் ஒரு பிடி எடுத்து விரல்களிலும் நன்றாகத் தேய்த்துக்கொள்ளச் சொன்னேன். ஈரத்தைக் குடித்துவிடும்.

வேட்டை நாள் வந்தது. வயல் வரப்பெல்லாம் ஜனம். பெண்கள் ஒரு பக்கமாக நின்றோம். அத்தை எல்லோருக்கும் பின்னால் நின்றார். மாமனார் போன பிறகு நல்ல காரியங்களில் அவர் நிற்கிற இடம் அது. என் கணவர் குளத்தில் முங்கி வந்து, திருநீறு தேய்த்துக்கொண்டு, போற்றி கொடுத்த வில்லை வாங்கி அம்பைப் பூட்டினார். கை உயர்ந்தது. வெயிலில் மூன்று விரலும் செக்கச் செவேல் என்று தெரிந்தன.

"போற்றி, செத்த நில்லுங்கோ" என்றார் பங்காளி வீட்டு அத்தான். "விரல்ல என்னமோ பூசியிருக்கான். வெறும் விரலால எய்யணும்னுதானே முறை?"

செண்டை நின்றுவிட்டது. போற்றி கிட்டப் போய்க் குனிந்து பார்த்தார். என் கணவரின் விரலைத் தொட்டுத் தேய்த்தும் பார்த்தார். சிவப்பு போகவில்லை. "இது என்னவாக்கும்?" என்று கேட்டார்.

என் கணவர் பெண்கள் பக்கம் திரும்பிப் பார்த்தார். இங்கே சிவப்பு மை என்று சொல்ல முடியாது. வைத்தியம் செய்கிறேன் என்று கிளம்பி வில்லையே வீட்டை விட்டு அனுப்பப் போகிறேன், அத்தை இனி என் முகத்தில் விழிக்கவே மாட்டார் என்று நினைத்தேன். அப்போது பெண்கள் கூட்டம் விலகியது. பின்னால் நின்ற அத்தை வரப்பிலிருந்து வயலில் இறங்கி நடந்தார்.

"மருதாணியாக்கும்" என்றார் போற்றியிடம். "வேட்டைக்குப் போறவனுக்க விரலு வெளுத்தா இருக்கும்? எனக்க மாமனாரு காலத்திலே உள்ளதாக்கும் இது. வீட்டுப் பெண்ணு அரைச்சு இட்டு விடணும். எடையில விட்டுப் போச்சு."

"எங்க தாத்தா இப்படி ஒண்ணு சொன்னதில்லியே" என்றார் அத்தான்.

"உங்க தாத்தா எந்த வருசம் எய்தாரு, சொல்லு?"

வரப்பில் யாரோ சிரித்தார்கள். அத்தை விடவில்லை. "போன வருசம் நீ மருதாணி இல்லாமத்தான் எய்தே. பெறவு கன்னிப்பூ வெளைச்சல்ல பூச்சி விழுந்துதே, அதுக்கு யாரு சமாதானம் சொல்ல?"

என் மாமனாரும் மருதாணி இல்லாமல்தான் காலமெல்லாம் எய்தார், அப்போது பூச்சி விழவில்லையே என்று யோசிக்க அத்தை யாருக்கும் நேரம் கொடுக்கவில்லை. கன்னிப்பூ என்கிற முதல் போக நெல்லில் அடிபட்டவர்கள் அங்கே நிறையப் பேர் இருந்தார்கள். அவர்கள் எல்லோரும் அத்தானைத் திரும்பிப் பார்த்தார்கள். போற்றியோ வெளியூரிலிருந்து வந்தவர், எங்கள் ஊர்க் கிழவிகளின் ஞாபகத்தோடு மோதி அவருக்குப் பழக்கமில்லை.

"பண்டே உள்ளதுன்னா சரி" என்று சொல்லி ஒதுங்கிக்கொண்டார்.

முதல் அம்பு இளநீருக்குக் கீழே வாழைத்தண்டில் குத்தியது. வரப்பில் ஒரு முணுமுணுப்பு. எனக்குத் தெரியும் ஏன் என்று. வலிக்கும் என்று நினைத்து, விடுகிற நேரத்தில் கையை வெடுக்கென்று இழுத்துவிட்டார். பழைய புண்ணின் பயம். அவர் விரலைப் பார்த்தார். விரித்து மடக்கினார். வலிக்கவில்லை என்பது அந்த வயலின் நடுவில்தான் அவருக்கு நிச்சயமானது. என் பக்கம் திரும்பாமலே லேசாகச் சிரித்தார். இரண்டாவது அம்பு போனதை நான் பார்க்கவில்லை, அந்த மூன்று விரல்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவை மெதுவாக, பூவை விடுவது போல நாணை விட்டன. குரவைச் சத்தம் கேட்ட பிறகுதான் இளநீர் விழுந்தது தெரியும்.

சாயங்காலம் இளநீர் வீட்டுக்கு வந்தது. அத்தை எல்லோர் கையிலும் ஒரு வாய் ஊற்றினார். தான் குடிக்கவில்லை. மாமனார் இல்லாத பிறகு அவர் அதைக் குடிப்பதில்லையாம். பிறகு என்னை அடுக்களைக்குள் கூப்பிட்டார். பாராட்டப்போகிறார் என்று நினைத்துக்கொண்டு போனேன்.

"சாஸ்தாவுக்க முன்னால நின்னு பொய் சொல்லியிருக்கேன். எனக்க மாமனாரு மருதாணியைக் கண்ணால கண்டிருப்பாரோ என்னமோ. இனி அது பொய்யாகப்பிடாது, கேட்டியா. வருசா வருசம் நீ இட்டு விடணும். ஒரு வருசம் விட்டாலும் நான் பொய்க்காரியாக்கும்."

அப்படித்தான் எங்கள் ஊரில் ஓர் ஆசாரம் பிறந்தது. அடுத்த வருடம் நான் அரைத்து இட்டேன். அதற்கடுத்த வருடம் போற்றியே ஆளனுப்பி, மருதாணி இட்டாயிற்றா என்று விசாரித்தார். கொஞ்ச நாளில் சிவந்த விரல் இல்லாமல் சாஸ்தா அம்பை ஏற்கமாட்டார் என்று அவர் நடையில் நின்று எல்லோருக்கும் சொல்ல ஆரம்பித்தார். விரல் புண்ணாகாது என்ற விஷயத்தை எல்லோரும் மறந்துவிட்டார்கள், என் கணவரின் விரலைத் தவிர.

மூத்த பிள்ளை ஐப்பசியில் பிறந்தான், அதனால் தொந்தரவில்லை. அடுத்தது பெண், மாசிக் கடைசியில் பிறந்தாள். உத்திரம் வந்தபோது வீட்டுக்குத் தீட்டுக் கழிந்திருந்தது, பெற்றவளுக்குக் கழியவில்லை. நான் மருதாணியையும் தொடக்கூடாது, வில்லுக்காரனையும் தொடக்கூடாது. வீட்டில் வேறு பெண் கிடையாது. செய்தி ஊருக்குள் போனது. பங்காளி வீட்டு அக்கா, அந்த அத்தானின் மனைவி, வாசலில் வந்து நின்று, "நான் வேணா வந்து இட்டு விடட்டா அத்தை?" என்று இனிமையாகக் கேட்டாள்.

நான் உள்ளறையில் படுத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். அவள் கையால் இட்டால் அடுத்த வருடம் அவள் புருஷன் விரலில்தான் இடுவாள் என்பது எனக்கே புரிந்தது. அத்தைக்குப் புரியாதா.

"வேண்டாம் மக்கா. வீட்டுல பெண்ணு உண்டு" என்றார் அத்தை.

"யாரு அத்தை?"

"ஏன், நான் யாராக்கும்?"

அந்த அக்கா, சொல்லத் தயங்குவது போலச் சொன்னாள்: "இல்ல, சுமங்கலி இடுகதுதானே முறையாட்டு இருக்கும்."

"நான் சொன்ன முறைதானே அது. அதுல சுமங்கலின்னு நான் சொல்லல்லியே" என்றார் அத்தை.

அவள் போய்விட்டாள். கொஞ்ச நேரத்தில் கொல்லையில் மருதாணிக் கிளை ஒடிகிற சத்தம் கேட்டது. பிறகு அம்மியில் அரைக்கிற சத்தம். நான் அரைப்பதைவிட நிதானமாக, பழகிய கை அரைக்கிற மாதிரி கேட்டது. அத்தை மகனை உட்காரவைத்து மூன்று விரலிலும் அப்பினார். அவர் சிறுபிள்ளை மாதிரி கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்ததைக் கதவிடுக்கு வழியாகப் பார்த்தேன்.

மறுநாள் அத்தை வயலுக்குப் போனார். கூடப்போனவர்கள் பிற்பாடு என்னிடம் சொன்னார்கள், அன்று அவர் எல்லோருக்கும் முன்னால் வரப்பில் நின்றாராம், கையை முந்தானைக்குள் மறைக்கவும் இல்லையாம். நான் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு காதைத் தீட்டி வைத்திருந்தேன். செண்டை நின்றது. பிறகு குரவை கேட்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

இளநீரைத் தூக்கிக்கொண்டு அத்தை நேராக என் அறை வாசலுக்கு வந்தார். தீட்டுக்காரியான என்னைத் தொடாமல் வாயில் ஊற்றுவதற்காக அவர் ஒரு கையைக் குவித்துக் குனிந்தபோது அந்த விரல்கள் என் கண்ணுக்கு நேராக வந்தன. அரைத்த கை, வழித்த கை, அப்பிய கை. உள்ளங்கை முழுக்கக் கருஞ்சிவப்பாகப் பற்றியிருந்தது. அவர் மகனுடையதைவிட நன்றாக.

"நல்லா செவந்திருக்கு அத்தை" என்றேன். "மாமாவுக்குப் பிரியம் கூடுதலாக்கும்."

திட்டுவார் என்று நினைத்தேன். அத்தை கையைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தார்.

"இருக்கும்" என்றார். "வாயால ஒரு நாளும் சொன்னதில்ல."

பிறகு வாசற்படியில் உட்கார்ந்து, மிச்சமிருந்த இளநீரை அவரே குடித்தார்.